மலைப்பாதையில் ஒரு நாள்

தன்னந்தனியாக மலைவழி நடப்பதன் பெருமையைக் கூறும் நூல்கள் உலக இலக்கியத்தில் பல உள. மனிதன் தன்னைத் தானே அறிந்துகொள்வதற்கு மலையுச்சியே தக்க இடம் என்று அவை கூறும். நாமும் அவற்றைப் படித்து மகிழ்ந்தவர்களே. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள், முதுகில் ஒரு பையுடன் கலஹாவிலிருந்து லூல்கந்துரா வரை நடந்தபோது அத்தகைய ஓர் அனுபவத்தையே எதிர்பார்த்துச் சென்றோம். கிடைத்தது வேறு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

'நாம்' என்று எழுதுவது பத்திரிகை மரபு. அன்று நடந்தவர் ஒருவரே. அறுபத்தேழு வயதான, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொள்ளவில்லை.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டைச் சுற்றி வளைத்துச் சென்று, நுவரெலியாவில் முடிவடைகிறது 'பீக்கோ பாதை' என்னும் நெடுநடைப் பாதை. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய இப்பாதையை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு நாள் நடை. பீக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். இளந்தளிரின் மேலுள்ள வெண்மையான மென்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து அது வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய அமெரிக்காவும் வழங்கிய உதவியுடன் இந்தப் பாதை அமைக்கப்பட்டது.

'அமைக்கப்பட்டது' என்ற சொல்லை நாம் சற்று அவசரப்பட்டு எழுதிவிட்டோம். நம் காலத்தில் அமைக்கப்பட்டவை வழிகாட்டிப் பலகைகளும், தேசப்படமும், பாதைக்கு இட்ட பெயருமே. பாதையிற் பெரும்பகுதி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வெட்டப்பட்டுக் கிடந்தது.

ஹந்தானை மலை எமக்குப் புதிதன்று. 1970களின் பிற்பகுதியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது, அம்மலையின் அடிவாரத்திலேதான் நாம் வாழ்ந்தோம். விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஏறுவோம். உச்சியில் அமர்ந்து பாடுவோம், சமதர்மம் பற்றி இருட்டும்வரை விவாதிப்போம், பிறகு இறங்கிவிடுவோம். மலையின் மறுபுறத்துச் சரிவிலே லயங்கள் இருந்தன. மாலையில் அவற்றின் கூரைகளின் மேல் புகை படர்வதைக் கண்டிருக்கிறோம். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அப்பக்கமாக இறங்கியதில்லை. பாட்டாளி வர்க்கத்தைப் பற்றி அத்தனை பேசிய எமக்கு அரை மணி நேர நடை தூரமாகத் தெரிந்தது. இந்த வயதில் நெடுநடைக்குப் புறப்பட்டதற்கு அந்தப் பழைய கடனும் ஒரு காரணம்.

முதல்நாள் ஹந்தானையிலிருந்து கலஹா வரை நடந்து, இரவு அங்கே ஓர் அறையில் தங்கினோம். மறுநாட் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பையில் இரண்டு போத்தல் தண்ணீர், ரொட்டி, கட்டைச் சம்பல், ஒரு மழையங்கி, அட்டைக்கு உப்பு. வெயிற்காலமாதலால் உப்புக்கு வேலை இருக்கவில்லை.

பாதை இதமாக ஏறியது. ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை. மலையின் வளைவுக்கு வளைந்து, பள்ளத்துக்கு ஒதுங்கி, ஒரே சீரான சாய்வில் மேலே சென்றது. இதமான நடைக்காகவா அவ்வாறு வெட்டினார்கள்? கோப்பி மூட்டைகளையும், பின்னர் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றிய மாட்டு வண்டிகள் ஏறி இறங்கவேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். மாட்டின் மூச்சுக்கு அளவெடுத்த சாய்வு, இன்று உல்லாசப் பிரயாணியின் மூச்சுக்கும் பொருந்துகிறது.

பள்ளப்பக்கத்திலே கல்லணைகள். சுண்ணாம்போ சீமெந்தோ இன்றிக் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. நாம் ஓரிடத்தில் நின்று, மார்பளவு உயரமான அணையொன்றைக் கையால் தடவிப் பார்த்தோம். பெருங்கற்களுக்கிடையிலிருந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கல் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அந்தச் சிறு கல்லைத் தேடி எடுத்து, திருப்பிப் பார்த்து, பொருந்தும் பக்கம் கண்டு செருகியிருக்கிறார். எத்தனை மாரிகளின் வெள்ளம் அதன்மேற் பாய்ந்திருக்கும்! அந்தக் கல் அசையவில்லை.

அந்தக் கையின் சொந்தக்காரரும் ஒரு நெடுநடைக்காரரே. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கடற்கரைக்கு நடந்து, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அம்மக்கள். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1914 இலேதான். அதற்கு முன் வந்தவர்களிற் பெருந்தொகையானோர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் அந்தக் காட்டுவழியிலேயே இரையாயினர். அவர்கள் நடந்த வழியை நினைவுகூர்ந்து, மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி அது மாத்தளையை அடைந்தது. அந்த நடைக்குக் கூலி கேட்டு எவரும் போகவில்லை. கணக்குக் கேட்டுப் போனார்கள்.

அவர்கள் வந்துசேர்ந்த மலைகளும் வெறும் காடுகளாய்க் கிடந்தவை அல்ல. 1840 ஆம் ஆண்டின் சட்டமொன்று, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலங்களை முடிக்குரியவை ஆக்கிற்று. கண்டிச் சிங்களக் கிராமவாசிகள் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த மேட்டு நிலங்கள் தோட்டத்துரைமாருக்குக் கைமாறின. நிலத்தை இழந்தவன் ஒருவன்; அந்நிலத்தில் உழைக்க அழைத்துவரப்பட்டவன் இன்னொருவன். இவ்விருவரையும் பகைவராக்கிப் பார்க்கும் அரசியல் பின்னர் வந்தது.

எட்டு மணியளவில், கூடைகளுடன் மலைக்குச் செல்லும் பெண்கள் எமக்கு எதிர்ப்பட்டனர். இடுப்பிலே படங்கு கட்டி, தலையிற் கூடைக்கயிற்றைத் தொங்கவிட்டிருந்தனர். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நின்று எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க, ஐயா?"

"ஒரு தோட்டத்துக்கும் இல்லையம்மா. நடந்து போகிறேன். லூல்கந்துரா வரைக்கும்."

"பஸ்ஸு தவறிருச்சா?"

"இல்லை. நடக்கவேண்டுமென்றுதான் வந்தேன்."

அவர் திரும்பிப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஏளனம் இல்லை. "நல்லதுங்க ஐயா," என்றார் அவர். "எங்களுக்கு நடக்கிறதுக்கு யாரும் குடுக்கிறதில்ல. கிள்ளுறதுக்கு மட்டுந்தான் சம்பளம்."

அவர்கள் லயத்திலிருந்து மலைக்கு ஏறும் தூரமும், மலையிலிருந்து மடுவத்துக்குக் கூடையோடு இறங்கும் தூரமும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. நாம் ஒரு நாளில் நடக்கும் தூரத்தைப் பெருமையோடு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம். அன்று மாலை அந்தப் பக்கத்தைத் திறக்க எமக்கு மனம் வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணியளவில், வழியிலிருந்த ஒரு தோட்டத்தின் கொழுந்து மடுவத்தருகே நிழல் கண்டு அமர்ந்தோம். பகல் நிறை நடந்துகொண்டிருந்தது. காலையிற் கண்ட அதே பெண்கள் குறுக்குப் பாதையால் அங்கே இறங்கி வந்திருந்தனர். இளைஞரான ஒரு கணக்கப்பிள்ளை. தராசு இப்போது இலக்கம் காட்டும் தராசு. பென்சிலும் தாளும் போய், கையடக்கமான ஒரு கருவி வந்திருந்தது. எமக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. ஏனெனில் அந்தக் காட்சியை நாம் முன்பு, மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம்.

எம் தந்தையார் மலைநாட்டுத் தோட்டமொன்றிற் கணக்கெழுதியவர். யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்நாளில் அது மதிப்பான உத்தியோகம். 1966 இல், ஒன்பது வயதில், பாடசாலை விடுமுறைக்கு அவரிடம் போயிருந்தோம். ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருக்கையில், கைக்குழந்தையுடன் ஒரு பெண் கந்தோர் யன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அன்றைய கொழுந்து நிறை இரண்டு இறாத்தல் குறைவு. குறித்த நிறை வராவிட்டால் முழு நாட் சம்பளம் இல்லை, பாதிதான். தோட்டத்து மொழியில் அதற்கு 'அரைப் பேர்' என்று பெயர். பிள்ளைக்குச் சுகமில்லை, இடையிற் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடவேண்டியதாயிற்று என்று அவள் சொன்னாள். தந்தையார் தலை நிமிரவில்லை. செக்றோலில் அரைப் பேர் விழுந்தது. அவள் வெகுநேரம் நின்றாள், பிறகு போய்விட்டாள். இரவு அவரிடம் காரணம் கேட்டோம். "நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான்," என்றார். அவர் கொடியவர் அல்லர். அன்றிரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததையும் கண்டோம். ஆயினும் எழுதியது எழுதியதுதான். அந்தச் சம்பளத்திலேதான் நாம் படித்தோம்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின் மடுவத்தில் நாம் கண்டது என்ன? கூடைக்கும் ஈரத்துக்குமென்று ஒவ்வொரு நிறையிலும் இரண்டு கிலோ கழிக்கப்பட்டது. வெயிற்காலம், மழையே இல்லை. ஈரம் எங்கிருந்து வரும்? காலையில் எம்மோடு சிரித்துப் பேசிய அம்மையாரின் முறை வந்தது. நிறை போதாது. "கொழுந்தே இல்லீங்களே, எங்கேயிருந்து எடுக்கிறது?" என்றார். "அந்திக்குள்ள எடுத்துருங்க. இல்லாட்டி அரைப் பேருதான்," என்றார் கணக்கப்பிள்ளை. அவரும் தலை நிமிரவில்லை. அவருடைய தாயும் இதே போன்றதொரு தராசின் முன் நின்றிருக்கலாம்.

அன்று முழுப் பேரின் பெறுமதி 1000 ரூபா. ஆண்டுக்கணக்கான கோரிக்கைகளுக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் பின் 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபா ஆயிற்று. தொகை மாறலாம், தராசின் முன் நிற்கும் அந்த நிமிடம் மாறவில்லை.

அம்மையார் எம்மைக் கண்டுவிட்டார். காலையிற் சிரித்த முகம் சட்டென்று திரும்பிக்கொண்டது. நாம் வாய் திறக்கவில்லை. வழிப்போக்கனுக்குப் பேச என்ன உரிமை, பேசினால் அவருக்கே கெடுதல் வருமே என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது ஓரளவு உண்மையுங்கூட. ஆனால் எம் தந்தையாரின் விடையிலும் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்தது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பிற்பகல் மூன்று மணியளவிற் பனிமூட்டம் இறங்கியது. லூல்கந்துராத் தோட்டத்தின் மேற்பகுதியை அண்மித்திருந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் வெண்மையிற் கரைந்தன. எங்கோ ஒரு நாய் குரைத்தது. நூல்களிற் படித்த தனிமை இதுதான் என்று எண்ணிய கணத்தில், கான் ஒன்றின் விளிம்பிற் கால் வழுக்கியது. கணுக்கால் மடங்கிற்று. எழுந்து நிற்க முயன்றோம், முடியவில்லை. கைப்பேசியில் தொடர்பும் இல்லை. உண்மையான தனிமை இன்பம் தருவதன்று என்பதை அங்கே, ஈரக் கானில் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் அறிந்தோம்.

தோளில் விறகுக் கட்டுடன் வந்த ஒருவர் எம்மைக் கண்டு ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். விறகைக் கீழே போட்டுவிட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தார். "ஒடையல சேர். பிசகியிருக்கு," என்றார். ஒரு தடியை வெட்டிக் கையிற் கொடுத்தார். பின்னர் எமது பையைத் தூக்கினார்.

"வேண்டாம் தம்பி, நான் கொண்டு வருகிறேன்."

"குடுங்க சேர்."

மீண்டும் மறுத்தோம். அவர் விடவில்லை. மூன்றாம் முறை கொடுத்துவிட்டோம். எம் குடும்பத்தின் சுமையை இம்மக்கள் சுமப்பது இது முதல் முறையன்று என்ற எண்ணம் நெஞ்சிற் குத்தியது.

சிறிது தூரத்திற் கருங்கல் இருக்கை ஒன்று வந்தது. ஜேம்ஸ் டெயிலரின் ஆசனம் என்று சொல்லப்படுவது அது. 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டெயிலர், 1867 இல் இந்தத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869 இல், இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியபோது, அந்த 19 ஏக்கரிலிருந்தே இலங்கையின் தேயிலைத் தொழில் பெருகிற்று. டெயிலர் 1892 இல் இங்கேயே காலமானார். அவருடைய உடலை, பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக இருபத்துநான்கு தொழிலாளர்கள் முறைவைத்துக் கண்டி வரை சுமந்து சென்றனர் என்று வரலாறு கூறுகிறது. மஹய்யாவ மயானத்திலே அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது.

"ஒக்காருங்க சேர்," என்றார் அவர். அமர்ந்தோம். அவர் நின்றார். நீங்களும் உட்காருங்கள் என்றோம். "பரவாயில்லீங்க. இது தொரை கல்லு," என்று சொல்லிச் சிரித்தார். வற்புறுத்தியபின் ஓரத்தில் அமர்ந்தார். எஞ்சியிருந்த ரொட்டியைப் பகிர்ந்துகொண்டோம். பனிக்குள்ளே பேச்சு வளர்ந்தது.

அவருடைய பாட்டனாரின் தமையன் 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர். 1948 இற் பிரஜாவுரிமை இழந்த மக்களை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று இரு அரசுகள் எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பத்தாண்டுகள் பிந்தித் தீர்மானிக்கப்பட்டது.

"போனவங்க கோத்தகிரியில இருக்காங்க," என்றார்.

"அங்கே என்ன வேலை?"

"அங்கேயும் தேயிலைதான் சேர்."

இந்தப் புதிய பாதையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் யோசித்துச் சொன்னார்: "நல்லதுதான் சேர். வெள்ளக்காரங்க வாறாங்க. எங்க பக்கத்துல ரெண்டு பேரு தேத்தண்ணி வித்து நாலு காசு பாக்கிறாங்க. போர்டெல்லாம் அழகா வச்சிருக்காங்க. ஆனா எங்க லயத்துக்கு இன்னும் வண்டி வராது. போன மாசம் எங்க சின்னம்மாவுக்கு நெஞ்சு வலி. ராத்திரி நேரம். கதிரையில வச்சுக் கட்டி, நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு வந்தோம்."

"தப்பினாரா?"

"தப்பிட்டாங்க. இன்னொரு தடவன்னா சொல்ல ஏலாது."

நாம் மௌனமானோம். 1892 இல் இருபத்துநான்கு பேர் இம்மலைகளிலிருந்து ஒரு துரையின் உடலை முறைவைத்துச் சுமந்து இறங்கினர். 2024 இல் நால்வர் ஒரு தொழிலாளப் பெண்ணை உயிரோடு சுமந்து இறங்குகின்றனர். இடையில் 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. 2003 இன் சட்டத்தால் நாடற்றவராய் எஞ்சியிருந்தோர் பிரஜைகளாயினர். இத்தனைக்கும் பிறகு, நோயாளியைச் சுமக்கும் தோள் மட்டும் மாறவில்லை.

இருட்டுமுன் அவர் எம்மைப் பெருந்தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பணம் கொடுக்க முயன்றோம், வாங்கவில்லை. தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீக்கு மட்டும் சம்மதித்தார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவர் பெயரைக் கேட்டோம். சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "பத்திரிகையில எல்லாம் போட்டுறாதீங்க சேர். தோட்டத்துல வேலை செய்யிறேன்," என்றார். ஆகவே இக்கட்டுரையிலும் அவருக்குப் பெயர் இல்லை. டெயிலரைச் சுமந்தவர்களைப் போலவே இவரும் இங்கே பெயரற்றவராகிறார். காரணம் என்ன என்பதை வாசகர் அறிவர்.

பீக்கோ பாதையில் நடக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நடக்கவேண்டும், சிறப்பாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடக்கவேண்டும். தேசப்படத்தில் நோயாளியைச் சுமந்துவரும் வழிகள் குறிக்கப்படவில்லை. அவற்றை விசாரித்துக் குறிக்க மாணவர் சங்கமொன்றுக்கு ஒரு விடுமுறை போதும். எந்த லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு எத்தனை கிலோமீற்றர், எங்கே வண்டி வராது, எங்கே பாலம் இல்லை என்று எழுதி, பிரதேச சபையின் மேசையில் வைக்கலாம். வைத்துவிட்டு வந்துவிடாமல், பதில் வரும்வரை நிற்கலாம். 1966 இல் மழையில் நின்ற அந்தப் பெண் தனியாக நின்றாள். அதனாலேதான் போகவேண்டியதாயிற்று.

மூன்று நாட்கள் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மீண்டும் புறப்பட்டோம். பையை நாமே சுமந்தோம். இம்முறை வழியில் எதிர்ப்பட்டவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது, நடக்க வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உங்கள் லயத்துக்கு வண்டி வருமா என்று நாமும் கேட்டோம். குறிப்புப் புத்தகத்தில் நடந்த தூரத்தை எழுதிவந்த பக்கங்களில் இப்போது அந்த விடைகள் இருக்கின்றன.